அளவறிந்து வழங்கும் ஒளி

உலகப் பொருள்கள் யாவும் ஒளியினாலேயே கண்ணுக்குப் புலனாகின்றன. கதிரவன் மறைந்து இருள் சூழ்ந்த பின்னர், அருகில் நிற்கும் குன்றும் இல்லாதது போல் ஆகிவிடுகிறது. கண்ணுக்கு உற்ற இந்நிலையே காமிராவுக்கும் உண்டு. ஒளிப்படம் என்பது ஒளியினால் எழுதப்படும் ஓவியம். மேலைநாட்டார் இக்கலைக்கு இட்ட பெயரும், ஒளி என்றும் எழுதுதல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து அமைந்ததேயாகும். ஓவியனுக்கு வண்ணம் எத்துணை இன்றியமையாததோ, ஒளிப்படம் எடுப்போனுக்கு ஒளி அத்துணை இன்றியமையாதது. வண்ணம் குறைந்தாலும் ஓவியம் கெடும், மிகுந்தாலும் கெடும். ஒளியும் அத்தகையதே.

இந்நாளில் டிஜிட்டல் காமிராவை அறியாத ஊர் இல்லை. முன்னாளில் பிலிம் சுருளின்மேல் வீழ்ந்து பதிந்த ஒளி, இன்று காமிராவினுள் அமைந்த சிறு உணர்தகட்டின்மேல் வீழ்ந்து, மின்குறிகளாக மாறி, எண்களாகச் சேமிக்கப்படுகிறது. கைப்பேசியிலும் அத்தகைய காமிரா அமைந்துள்ளது. கருவி எளிதாயிற்று, ஆயினும் கலை எளிதாகிவிடவில்லை. இல்லத்து விழா ஒன்றில் இரவில் எடுத்த படங்களை நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். முகங்கள் சுண்ணம் பூசினாற்போல் வெளுத்திருக்கும். பின்புறம் கரி பூசினாற்போல் இருண்டிருக்கும். கண்கள் நெருப்புப் பொறிகளாய்ச் சிவந்திருக்கும். ஏற்றி வைத்த குத்துவிளக்கின் பொன்னொளி இருந்த இடம் தெரியாது. படத்தைக் காண்போர், “காமிரா நல்லதன்று” என்பர். பெரும்பாலும் குறை காமிராவினுடையது அன்று. அதனோடு அமைந்த ‘பிளாஷ்’ எனப்படும் மின்னல் விளக்கை எங்கே, எம்முறையில் இயக்குவது என்று தெரியாமையே குறையாகும்.

மணவிழாவில் மங்கலநாண் பூட்டும் நொடி ஒருமுறையே வரும். எண்பது வயது நிறைந்த பாட்டியார், பேரனின் குழந்தையை முதன்முதல் மடியில் ஏந்திச் சிரிக்கும் சிரிப்பு மீண்டும் வாராது. அந்நொடியில் தவறிய படத்தை எத்துணைப் பொருள் கொடுத்தும் பெற இயலாது. ஆதலின் மின்னல் விளக்கின் இயல்பையும் அதனை இயக்கும் முறைகளையும் முன்னரே அறிந்து வைத்தல் நலம்.

மின்னல் விளக்கு இன்றைய வடிவத்தை ஒரே நாளில் அடைந்ததன்று. ஸ்காட்லாந்தின் அரச வானநூலறிஞராய் விளங்கிய சார்லஸ் பியாசி ஸ்மித் என்பவர், 1865-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டுப் பெரிய பிரமிடினுள் மக்னீசியத்தை எரித்து, அதன் வெள்ளொளியில் படம் எடுத்தார். 1887-ஆம் ஆண்டில் செருமானியரான அடால்ப் மீத்தே, யோகன்னஸ் கேடிக்கே என்னும் இருவர், மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டு முதலியவற்றைக் கலந்து ‘மின்னல் பொடி’ ஒன்றை ஆக்கினர். அப்பொடி தீப்பட்டவுடன் வெடிபோல் எரிந்து ஒளி வீசும். உடனே அறை முழுவதும் புகை சூழும்.

டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஜேக்கப் ரீஸ் என்னும் செய்தியாளர், அப்பொடியின் துணைகொண்டு நியூயார்க் நகரத்து ஏழை மக்கள் நெருக்குண்டு வாழ்ந்த இருட்டறைகளைப் படம் எடுத்தார். அவற்றை அடிப்படையாகக் கொண்ட நூலினை 1890-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பகலவன் ஒளியும் புகாத அவ்விடங்களின் துயரம் அந்நூலால் ஊரறிய வெளிப்பட்டது; நகரச் சீர்திருத்தத்திற்கும் அது துணையாயிற்று. ஆயினும் அவர் ஆண்ட ஒளி இடர் மிக்கது. அப்பொடியினால் இருமுறை வீட்டில் தீப்பற்றியதையும், ஒருமுறை தம்மேலேயே தீப்பற்றியதையும் அவரே தம் வரலாற்றில் குறித்துள்ளார். 1930-ஆம் ஆண்டையொட்டிக் கண்ணாடிக் குமிழினுள் எரிந்தடங்கும் விளக்குகள் செருமனியில் விற்பனைக்கு வந்தன. அவை ஒருமுறை எரிந்ததும் பயனற்றுப் போகும். அக்காலத்திலேயே அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஹரால்டு எட்ஜர்ட்டன், மீண்டும் மீண்டும் மின்னவல்ல மின்விளக்கைப் படக்கலைக்குப் பயன்படுத்திக் காட்டினார். இன்று காமிராக்களில் அமைந்துள்ளது அவ்வினத்து விளக்கேயாகும்.

இவ்விளக்கு இயங்கும் வகை வருமாறு: காமிராவிலுள்ள மின்கலத்தின் சிறு மின்னழுத்தம், ஒரு மின்சுற்றினால் ஏறத்தாழ 300 வோல்ட் அளவிற்கு உயர்த்தப்பட்டு, மின்தேக்கி என்னும் உறுப்பில் சேர்த்து வைக்கப்படுகிறது. விசையை அழுத்தியதும் அம்மின்சாரம் முழுவதும் செனான் வாயு நிறைந்த கண்ணாடிக் குழாயினுள் ஒரே கணத்தில் பாய்கிறது. அப்போது எழும் வெள்ளொளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே நிற்கும்; சிலபோது அதனினும் குறைவாகவே நிற்கும். ஒருமுறை மின்னிய பின்னர் மீண்டும் மின்தேக்கி நிறையச் சில நொடிகள் செல்லும். மின்கலத்தை எடுத்த பின்னரும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கக் கூடும். ஆதலின், பழுதுற்ற காமிராவைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் எழுந்தாலும் மாணவர் அதனைச் செய்தல் ஆகாது. கடும் மின்தாக்கு நேரும். கைப்பேசிகளில் பெரும்பாலும் அமைந்திருப்பது எல்.இ.டி. என்னும் சிறு விளக்கு. அதன் ஒளி செனான் விளக்கின் ஒளியினும் மிகக் குறைந்தது. மிக அருகிலுள்ள பொருளுக்கே அது பயன்படும்.

மின்னல் விளக்கை இயக்கும் முறைகள் பெரும்பாலான காமிராக்களில் ஐந்தாகும். முதலாவது தானியங்கு முறை. ஒளி குறைந்தது எனக் காமிரா கணித்தால் விளக்குத் தானே மின்னும். போதியது எனக் கணித்தால் மின்னாது. இரண்டாவது கட்டாய முறை. இதில், வெயில் எரிக்கும் இடத்திலும் படம் எடுக்குந்தோறும் விளக்கு மின்னும். மூன்றாவது அணைப்பு முறை. இதில் எத்துணை இருளாயினும் விளக்கு மின்னாது. நான்காவது செங்கண் தவிர்ப்பு முறை. ஐந்தாவது மெதுவியக்க முறை. இதில் விளக்கு மின்னுவதோடு, காமிராவின் திரையும் வழக்கத்தினும் நெடுநேரம் திறந்திருக்கும். மின்னல் வடிவக் குறி தனியே இருப்பின் அது கட்டாய முறையையும், ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தோடு இருப்பின் தானியங்கு முறையையும், ஒரு கோட்டினால் வெட்டப்பட்டிருப்பின் அணைப்பு முறையையும், கண் வடிவத்தோடு இருப்பின் செங்கண் தவிர்ப்பு முறையையும் பெரும்பாலும் உணர்த்தும்.

தானியங்கு முறையே இருக்க மற்றவை எதற்கு என்று வினவலாம். காமிரா ஒளியின் அளவை அறியும். ஒளியின் பயனை அறியாது. இருள் கண்டால் விளக்கேற்றும். வெளிச்சம் கண்டால் வாளாவிருக்கும். எதிரே நிற்பது மனிதனா மலையா, மாலை வானமா மணமேடையா என்பது பற்றி அதற்குக் கவலை இல்லை. சில காமிராக்கள் முகத்தைக் கண்டறிய வல்லன. எனினும் அம்முகத்தை எவ்வாறு காட்ட வேண்டும் என்னும் கருத்து, படம் எடுப்போன் உள்ளத்தில் மட்டுமே உள்ளது. ஆதலின் முறையைத் தேர்தல் அவன் கடமையாகிறது.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வினைமேற்செல்லும் அரசனுக்கு உரைத்த அம்மூன்றும், சிறு விளக்கு ஒன்றை ஆள்வோர்க்கும் ஏற்புடையனவே.

முதற்கண் விளக்கின் வலியை அறிதல் வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி, செல்லச் செல்ல விரிந்து மெலிகிறது. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். விளக்கின் ஆற்றலைக் குறிக்க ‘வழிகாட்டு எண்’ என ஓர் எண்ணை வழங்குவர். அதனை லென்சின் துளை எண்ணால் வகுத்தால், ஒளி செவ்வனே எட்டும் தொலைவு கிடைக்கும். காட்டாக, ஐ.எஸ்.ஓ. 100 என்னும் உணர்திறனில் ஒரு விளக்கின் வழிகாட்டு எண் 12 மீட்டர் எனக் கொள்வோம். துளை எண் 4 ஆயின், அவ்விளக்கு 3 மீட்டர் தொலைவுக்கே பயன்படும். உணர்திறனை 400 ஆக உயர்த்தினால் அத்தொலைவு 6 மீட்டராகும். காமிராவோடு இணைந்த சிறு விளக்குகளின் ஆற்றல் ஏறத்தாழ இவ்வளவினதே.

இதனை அறியாதோர் செய்யும் பிழையை ஒவ்வொரு பள்ளி ஆண்டு விழாவிலும் காணலாம். மேடையில் மகள் ஆடுகிறாள். பதினைந்து மீட்டர் தொலைவில் அமர்ந்த தந்தையார், தானியங்கு முறையில் வைத்த காமிராவைக் கொண்டு படம் எடுக்கிறார். 3 மீட்டர் தொலைவுக்கு உரிய விளக்கின் ஒளி, மேடையைச் சேரும்போது இருபத்தைந்தில் ஒரு பங்காய் மெலிந்துவிடுகிறது. முன்வரிசையில் இருப்போரின் பிடரிகள் பளிச்சென விளங்குகின்றன; மகளோ இருளில் மறைகிறாள். காரணம் யாது? விளக்கு மின்னப் போகிறது என்னும் துணிவில், மேடை விளக்குகளின் ஒளி பதிவதற்கு வேண்டிய கால அளவைக் காமிரா தருவதில்லை. அத்தந்தையார் அணைப்பு முறையைத் தேர்ந்து, உணர்திறனை 1600 அல்லது 3200 ஆக உயர்த்தி, காமிராவை அசையாது பிடித்திருப்பின், மேடையொளியிலேயே நல்ல படம் கிடைத்திருக்கும். மணல் தூவினாற்போன்ற சிறு புள்ளிகள் அதில் தோன்றலாம். எனினும் மகளின் முகம் தெரியும்.

அண்மையிலும் இவ்விதி செயற்படும். மாணவர் இரு வரிசையாய் நிற்கின்றனர். முன்வரிசை காமிராவிலிருந்து 2 மீட்டர் தொலைவிலும், பின்வரிசை 3 மீட்டர் தொலைவிலும் உள்ளன. முன்னிருப்போர் பெறும் ஒளியில் ஒன்பதில் நான்கு பங்கே பின்னிருப்போர்க்குக் கிட்டும். ஆதலின் முன்னவர் வெளுப்பர், பின்னவர் மங்குவர். படம் எடுப்போன் இன்னும் 2 மீட்டர் பின்வாங்கினால், வரிசைகள் 4, 5 மீட்டர் தொலைவினவாகும். அப்போது பின்வரிசைக்கு இருபத்தைந்தில் பதினாறு பங்கு, அஃதாவது மூன்றில் இரண்டு பங்கிற்குச் சற்றே குறைந்த ஒளி கிடைக்கும். உணர்திறனை 400 ஆக வைத்தால் விளக்கின் வலியும் அத்தொலைவிற்குப் போதும். இரண்டடி எடுத்து வைத்தலால் பின்வரிசை மாணவர் அனைவரும் படத்தில் இடம் பெறுவர். கணக்கு நூலிற் பயின்ற வகுத்தலும் வர்க்கமும் இங்ஙனம் வாழ்க்கையிற் பயன் தருகின்றன.

அடுத்துக் காலத்தை அறிதல் வேண்டும். இரவில் விளக்கும் பகலில் இருப்பொளியும் போதும் என்று பலர் கருதுகின்றனர். உண்மை பலபோது இதற்கு மாறாக உள்ளது. சித்திரை மாதத்து நண்பகலில் கதிரவன் உச்சியில் நிற்கிறான். அவ்வேளையில் ஒருவரைப் படம் எடுத்தால், புருவத்தின் நிழல் கண்குழிகளை மூடும்; மூக்கின் நிழல் வாயின்மேல் விழும்; தலைப்பாகை அணிந்த உழவரின் முகம் முற்றும் இருளும். கன்னியாகுமரிக் கடற்கரையில், எழுங்கதிருக்கு முதுகு காட்டி நிற்பவரைப் படம் எடுத்தாலும் அவ்வாறே முகம் கரிய வடிவமாய் மாறும். இவ்விடங்களில் தானியங்கு முறை உதவாது. வெளிச்சம் மிக்கது எனக் கணித்து விளக்கு வாளாவிருந்துவிடும். இங்குக் கட்டாய முறையே வேண்டுவது. அருகில் நின்று விளக்கை மின்னச் செய்தால், நிழல் நிறைந்த குழிகளில் ஒளி பரவும்; முகமும் தெரியும், பின்னுள்ள வானமும் கெடாது. இதனை ‘நிரப்பொளி’ என்பர். விளக்கின் ஆற்றலைக் கூட்டவும் குறைக்கவும் இடந்தரும் காமிராவாயின், சற்றே குறைத்து வைத்தல் இயற்கையாய்த் தோன்றும். இவ்வாறு, விளக்கு வேண்டாதது எனத் தோன்றும் நண்பகலே அதன் துணை மிகுதியும் வேண்டப்படும் நேரங்களுள் ஒன்றாகிறது.

கார்த்திகைத் திருநாள் மாலை. முற்றத்தில் அகல்விளக்குகள் வரிசையாய் ஒளிர்கின்றன. அவற்றின் நடுவே சிறுமி ஒருத்தி அமர்ந்து திரியைத் தூண்டுகிறாள். தானியங்கு முறையில் எடுத்தால் சிறுமி மட்டும் தெரிவாள், பின்னுள்ள அகல்கள் மங்கி மறையும், கார்த்திகையும் மறையும். அணைப்பு முறையில் எடுத்தால் சுடர்கள் தெரியும். சிறுமியின் முகம் தெளிவுறாது போகலாம். இவ்விரண்டையும் சேர்த்துக் காட்ட வல்லது மெதுவியக்க முறையே. இதில் காமிராவின் திரை கால் நொடி அல்லது அதனினும் நீண்ட நேரம் திறந்திருக்கும். மின்னலொளி ஒரு கணத்தில் சிறுமியின் உருவத்தைப் பதிக்கும். எஞ்சிய நேரத்தில் அகல்களின் சிற்றொளி சிறிது சிறிதாய்ச் சேர்ந்து பதியும். அதுவரை காமிரா அசைதல் கூடாது. முக்காலியின்மேல் அதனை நிறுத்துதல் வேண்டும். சிறுமியும் அசையாதிருத்தல் வேண்டும்.

இம்முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. இரவில் விளக்கெரியும் மிதிவண்டி ஒன்று விரைந்து செல்கிறது. திரை திறந்தவுடன் மின்னல் விளக்கு ஒளிர்ந்தால், வண்டியின் உருவம் முதலிற் பதிந்துவிடும். பின்னர் முன்னோக்கிச் செல்லும் அதன் விளக்கொளி வண்டிக்கு முன்னே கோடாய்ப் படியும். காண்போர்க்கு வண்டி பின்னோக்கி ஓடுவது போல் தோன்றும். திரை மூடுவதற்குச் சற்று முன்னர் மின்னச் செய்தால் ஒளிக்கோடு வண்டியின் பின்னே நிற்கும். ஓட்டமும் இயல்பாய்த் தோன்றும். இவ்வசதியைப் ‘பின்திரை ஒத்திசைவு’ என்பர். மின்னல் ஒன்றே, அது மின்னும் காலத்தால் பொருளே மாறுகிறது.

மூன்றாவதாக இடத்தை அறிதல் வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் திருவுருவம் முதலிய செப்புத் திருமேனிகள் உள்ளன. பளபளப்பான உலோகத்தின்மேல் நேரே வீசும் மின்னலொளி, ஆங்காங்கே வெண்புள்ளிகளாய்த் தெறித்துச் சிற்பியின் உளி வேலைப்பாட்டை மறைத்துவிடும். கண்ணாடிப் பேழையினுள் இருக்கும் பொருளாயின், கண்ணாடியில் மீண்ட ஒளியே படத்தை விழுங்கும். இருக்கும் ஒளியிலேயே எடுத்தல் இங்கு ஏற்றது. மழைத்தூறலிலும் புழுதியிலும் விளக்கை இயக்கினால், காமிராவுக்கு அருகிலுள்ள துளிகளும் துகள்களும் பெரிய வெண்பொட்டுக்களாய்ப் படியும்.

படம் நன்றாக வருமாயினும் விளக்கை இயக்கலாகாத இடங்களும் உள. அஜந்தாக் குகைகளில் ஓவியங்களுக்கு முன் மின்னல் விளக்கை இயக்கத் தடை உண்டு. பழைய வண்ணங்கள் ஒளியினால் சிறிது சிறிதாய் மங்குவன. மங்கிய வண்ணம் மீள்வதில்லை. ஒரு மின்னலால் விளையும் தீங்கு மிகச் சிறிதேயாகலாம். ஆயினும், “என் ஒருவன் செயலால் என்ன நேரும்?” என்று ஒவ்வொருவரும் கருதுவாராயின், அத்தனையும் ஓவியத்தின்மேலேயே வந்து சேரும். அரங்கில் ஆடும் நங்கையின் கண்ணெதிரே மின்னச் செய்தால் அவள் அடி தடுமாறும். கூட்டில் அமர்ந்த பறவை வெருண்டு எழுந்தால் முட்டைகள் காப்பற்றுக் கிடக்கும். வழிபாட்டிலும் துயரத்திலும் ஆழ்ந்திருப்போர்க்கு முன் திடீரென ஒளி வீசுதல் பண்பன்று. இவ்விடங்களில் விசையை அழுத்துமுன் அணைப்பு முறையைத் தேர்தல் கடமையாகும். இசைவு பெறுதல் அதற்கும் முற்பட்ட கடமையாகும்.

இனிச் செங்கண் தவிர்ப்பு முறையைப் பற்றிக் காண்போம். மங்கிய ஒளியில் கண்ணின் பாவை அகன்று விரியும். அந்நிலையில், லென்சுக்கு மிக அருகில் அமைந்த விளக்கின் ஒளி பாவை வழியே உட்புகுந்து, குருதி நிறைந்த கண்ணின் உட்புறத்திற் பட்டு, வந்த வழியே மீண்டு லென்சினுள் விழுகிறது. கண் சிவந்து தோன்றுவது இதனாலேயே. செங்கண் தவிர்ப்பு முறையில், படம் எடுப்பதற்குச் சற்று முன்னர் விளக்கு ஒளிர்ந்து பாவையைச் சுருங்கச் செய்கிறது. அதன் பின்னரே உண்மையான மின்னல் எழும். முதல் ஒளியைக் கண்டவுடன் படம் முடிந்தது என எண்ணி முகத்தைத் திருப்புவோர் பலர். ஆதலின், ‘இரண்டாம் ஒளி வரும்வரை அசையாதிருங்கள்’ என்று முன்னரே கூறுதல் வேண்டும். அறையின் விளக்குகளை ஏற்றி வைப்பதும், காமிராவினின்று சற்றே விலகி நோக்கச் சொல்வதும் செம்மையைக் குறைக்கும். தனியே பொருத்தும் விளக்காயின், அதனை மேல்நோக்கித் திருப்பி வெண்ணிறக் கூரையில் ஒளியைப் பாய்ச்சினால், மீண்டு வரும் மென்மையான ஒளியில் கண்ணும் சிவவாது, முகமும் வெளிறாது.

ஆயினும் அழகைக் கெடுப்பதாகக் கருதப்படும் இச்செங்கண்ணே, சிலபோது ஓர் உயிரைக் காக்கும் குறியாகவும் அமைகிறது. குழந்தை ஒன்றை மின்னலொளியில் எடுத்த படத்தில், ஒரு கண்ணின் பாவை சிவந்தும் மற்றொரு கண்ணின் பாவை வெண்மையாயும் தோன்றுவதுண்டு. காமிரா நோக்கிய கோணத்தாலும் இவ்வெண்மை தோன்றக் கூடும். ஆதலின் கண்டவுடன் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. ஆனால், அது கண்புரை முதலிய நோய்களின் அறிகுறியாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றும் விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அந்நோயைப் பெற்றோர் முதன்முதல் ஐயுற்றது இத்தகைய படங்களால் என்று அறியப்பட்ட நிகழ்ச்சிகள் பல. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குழந்தையின் உயிரைக் காக்கலாம். பார்வையையும் பலபோது காக்கலாம். காலம் தாழ்த்தினால் இரண்டும் இடருறும்.

ஆதலின், அத்தகைய வெண்மை தோன்றிய படத்தை எறிந்துவிடாமலும், அழகு கருதிக் கணிப்பொறியில் திருத்திவிடாமலும், குழந்தையோடு அப்படத்தையும் எடுத்துக்கொண்டு விரைந்து கண் மருத்துவரை அடைதல் வேண்டும். செங்கண் தவிர்ப்பு முறையும், பின்னர்ச் செய்யும் நிறத்திருத்தமும் இக்குறியை மறைத்துவிடக் கூடும் என்பதை நினைவிற் கொள்க. படத்தில் இரு கண்களும் சிவந்தே தோன்றின என்பது நோயின்மைக்குச் சான்றாகாது; படம் ஐயத்தை எழுப்பவல்லதே அன்றி, முடிவு கூறவல்லது அன்று. முடிவு கூறுதல் மருத்துவர்க்கே உரியது. கைப்பேசி உள்ள வீடுதோறும் இச்செய்தி சென்று சேருமாயின், எங்கோ ஒரு குழந்தையின் கண் காக்கப்படும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், முறையைத் தேர்தல் கடினமன்று என்பது புலப்படும். பொருள் விளக்கின் எல்லைக்கு அப்பால் இருந்தாலும், இருக்கும் ஒளியே அழகாயினும், பிறர்க்குத் தீங்கு நேருமாயினும் அணைப்பு முறையைக் கொள்க. முகத்தில் நிழல் விழுந்தாலும், பின்னிருந்து ஒளி வந்தாலும் கட்டாய முறையைக் கொள்க. அருகில் மனிதரும் அப்பால் விளக்குகளும் இருப்பின் மெதுவியக்க முறையைக் கொள்க. மங்கிய அறையில் முகத்தை அண்மையில் எடுப்பின் செங்கண் தவிர்ப்பு முறையை எண்ணிக் கொள்க. எண்ணிப் பார்க்க நேரமே இல்லாதபோது தானியங்கு முறை உதவும்.

டிஜிட்டல் காமிராவில் எடுத்த படத்தை அப்பொழுதே காணலாம். பிலிம் வீணாகும் என்னும் கவலை இல்லை. ஆதலின் மாணவர், ஓய்வு நாளில் ஒரு பூந்தொட்டியையோ ஒரு நண்பனையோ ஒரே இடத்தில் நிறுத்தி, ஐந்து முறையிலும் ஐந்து படங்கள் எடுத்து, அவற்றை அருகருகே வைத்து ஒப்பு நோக்குவாராக. நூல் பல கற்றலினும் அவ்வொரு பயிற்சி மிக்க பயன் தரும். விழா நாளில் பழகத் தொடங்குவோர் விழாவை இழப்பர். முன்னரே பழகியோர் பாட்டியாரின் சிரிப்பையும் அகல்விளக்கின் சுடரையும் ஒருங்கே காத்து வைப்பர். கருவி எத்துணை வளர்ந்தாலும், எங்கே ஒளி வேண்டும், எங்கே வேண்டா என்று அறிவது அதனை ஏந்திய மனிதரின் பொறுப்பேயாகும்.